கடை ஷட்டரும் நாட்டிய வகுப்பு நோட்டீசும்

பங்குனி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளில் இரண்டு விதமான நோட்டீசுகள் கைக்குக் கை வரும். ஒன்று கபாலீசுவரர் கோயில் பெருவிழா நிகழ்ச்சி நிரல். மற்றொன்று கோடை விடுமுறை நாட்டிய வகுப்பு, பாட்டு வகுப்பு நோட்டீஸ். முதலாவதை வாடிக்கையாளர் மடித்துப் பைக்குள் வைத்துக் கொள்கிறார். இரண்டாவதை நம் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார். ராத்திரி கடை கட்டும் நேரத்தில் அதைக் கூட்டி அள்ளுகிற வேலை நம் கடைப் பையன்களுக்கு.

இது போதாதென்று வால் போஸ்டர் தொல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அறுபத்து மூவர் உற்சவத்தன்று காலை நாம் கடை திறக்க வந்தபோது, ஷட்டர் முழுக்க ஒரே போஸ்டர், ஒன்றையொட்டி ஒன்றாக ஆறு ஒட்டப்பட்டிருந்தது. 'கோடைகால பரதநாட்டியப் பயிற்சி முகாம்' என்று பெரிய எழுத்து, அரைமண்டியில் நிற்கும் ஒரு பெண் படம். மைதாப் பசை இன்னும் ஈரம் காயவில்லை. ஷட்டரைத் தூக்கியதும் காகிதம் சுருண்டு மேலே பெட்டிக்குள் போய்ச் சிக்கிக் கொண்டது. பாதி உயரத்தில் நின்றுவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை அத்தனை ஜனமும் மயிலாப்பூருக்கு வருகிற நாளில் ஷட்டர் மெக்கானிக் எங்கே கிடைப்பார்? அவர் வந்து சரி செய்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. குனிந்து உள்ளே வந்து சாமான் வாங்கிய நாலைந்து பேரைத் தவிர அன்று காலை வியாபாரம் பூஜ்யம்.

கோபத்தோடு போஸ்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். எடுத்தது ஒரு இளம் பெண். டீச்சர் அவர்தான். பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தேவையும் இல்லை. நாம் கத்தியதை எல்லாம் கேட்டுவிட்டு, "சார், நான் ஷட்டர்ல ஒட்டச் சொல்லவே இல்லை. இருநூறு போஸ்டர் ஒட்ட ஒருத்தர்கிட்ட காண்ட்ராக்ட் குடுத்தேன். அடையார்ல, மந்தைவெளில எங்கயுமே ஒண்ணைக்கூடக் காணோம்னு நானே தேடிட்டு இருக்கேன்" என்றார். விஷயம் புரிந்தது. ஒட்டுகிறவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரே தெருவில் கட்டைப் பிரித்துத் தீர்த்திருக்கிறார். நமக்கு அரை நாள் வியாபாரம் போயிற்று. அந்த அம்மாவுக்கு அச்சுக் கூலி, ஒட்டுக் கூலி இரண்டும் போயிற்று. அந்தச் சீசனில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் யோசித்து வருகிறோம். நம் உறுப்பினர்களில் பலர் 'டான்ஸ் கிளாஸ் நோட்டீசா, இங்கே வைக்காதே போ' என்று விரட்டுகிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படி விரட்டுவது வியாபாரிக்கு லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்த்தால் நஷ்டம் என்றே நமக்குப் படுகிறது.

ஒரு குழந்தை நாட்டிய வகுப்பில் சேர்ந்தால் என்னென்ன வாங்குகிறது? முதல் நாளே பிராக்டிஸ் சேலை, அதற்குப் பைஜாமா, தைக்கக் கூலி. நோட்டுப் புத்தகம். தண்ணீர் பாட்டில், பை. விஜயதசமியன்று குருதட்சிணைத் தட்டு, பழம், வெற்றிலைப் பாக்கு, வேட்டி அல்லது புடவை. சில ஆண்டுகள் கழித்துச் சலங்கை பூஜை. அதற்கு மேல் அரங்கேற்றம் என்று வந்துவிட்டால் பட்டுப் புடவை, தைத்த உடை, கெம்புக் கல் நகை செட், ஜடை நாகம், சவுரி, பூ, மேக்கப் சாமான், அழைப்பிதழ், சபா ஹால், சாப்பாடு, தாம்பூலப் பை. தி.நகர் ஜவுளிக் கடையிலிருந்து வடக்கு மாட வீதி நகைக் கடை வரை, பூக்காரம்மாவிலிருந்து கேட்டரிங் காண்ட்ராக்டர் வரை இந்தப் பணம் சுற்றி வருகிறது. இதற்கெல்லாம் முதல் விதை ஏப்ரல் மாதம் ஏதோ ஒரு கடை கவுண்டரில் கிடந்த பிட் நோட்டீசாக இருந்திருக்கலாம். விதையைக் கூட்டித் தள்ளிவிட்டு விளைச்சலுக்குக் காத்திருக்கிறோம்.

நாட்டியம் போன்ற உயர்ந்த கலைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. சரித்திரத்தைப் புரட்டினால் வேறு விதமாகத் தெரிகிறது. 1931ஆம் ஆண்டு மார்ச் மாதம் மியூசிக் அகாடமி ஆதரவில் கல்யாணி அம்மாளின் புதல்விகள் இருவரின் நாட்டியம் நடந்தது. அப்போது அகாடமியில் முன்னின்று உழைத்தவர் வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர். அன்று கூட்டம் சொற்பம். அடுத்த ஆண்டு இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களும் கிருஷ்ணய்யர் அவர்களும் பத்திரிகைகளில் கடிதத்துக்குக் கடிதம் மோதிக் கொண்டார்கள். இந்த ஆட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஊரே பேசியது. 1933 ஜனவரி 1ஆம் தேதி அதே சகோதரிகள் மீண்டும் ஆடியபோது அரங்கம் கொள்ளவில்லை. அதே கலைஞர்கள், அதே அகாடமி. ஜனங்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். (அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்குள் நாம் போகவில்லை. தேவதாசிக் குலத்துப் பெண்கள் அனுபவித்த துன்பமும் உண்மை. 1947ல் சட்டம் வந்ததற்குக் காரணமும் இருந்தது.)

1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் முதன் முதலாக மேடையேறினார். 1936ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. 1960களில் அது திருவான்மியூருக்கு இடம் மாறியது. இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கலாக்ஷேத்ராவுக்கு என்று சொந்தமாக ஒரு அச்சுக்கூடம் இருந்தது. அதை நடத்தியவர் செட்டிநாட்டிலிருந்து வந்த சி. நாச்சியப்பன். மரியா மாண்டிசோரி அம்மையாரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது அந்தக் கூடம்தான். நாச்சியப்பன் அச்சுக்காரர் மட்டுமின்றி நல்ல புகைப்படக் கலைஞரும்கூட; கலாக்ஷேத்ரா நாட்டிய நாடகங்களின் பல படங்கள் அவர் எடுத்தவை. பிற்காலத்தில் கோவிலூர் மடத்தின் தலைவரானார். நாட்டியமும் அச்சும் அடையாற்றில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்பதை இன்றைய நோட்டீசுகளின் லட்சணத்தைப் பார்க்கும்போது நம்ப முடியவில்லை.

அந்த லட்சணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். நம் மேஜை மேல் இந்த ஆண்டு சேர்ந்த நோட்டீசுகளைப் பரப்பிப் பார்த்தோம். ஒன்றில் பதினோரு வகை வகுப்புகள்: பரதம், குச்சிப்புடி, வெஸ்டர்ன், சினிமா டான்ஸ், கீபோர்டு, செஸ், அபாகஸ், யோகா, இன்னும் ஏதேதோ. எது அவர்கள் சரக்கு என்று புரியவில்லை. மளிகைக் கடையில் செருப்பும் விற்றால் பருப்பு வாங்க வருகிறவர் தயங்கத்தானே செய்வார்? இன்னொன்றில் டீச்சர் பெயரே இல்லை. மூன்றாவதில் முகவரி 'பஸ் ஸ்டாண்டு அருகில்' என்பதோடு முடிந்துவிட்டது. எந்த பஸ் ஸ்டாண்டு? மந்தைவெளியா, அடையாறா, தி.நகரா? கட்டணத்தை ஒருவரும் போடவில்லை. 'நேரில் வரவும்' என்கிறார்கள். விலை எழுதாத சரக்கைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது நமக்குத் தெரியாததா?

எல்லாவற்றிலும் மோசமானது '30 நாட்களில் பரதநாட்டியம்' என்று அடித்திருந்த ஒன்று. விசாரித்த வரையில் சொல்கிறோம். தட்டடவு, நாட்டடவு என்று தொடங்கி அடவு வரிசைகளை முடிக்கவே சாதாரணக் குழந்தைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். அதன் பிறகுதான் அலாரிப்பு. வர்ணம் எல்லாம் அப்புறம் வெகு தூரம். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் கால் தட்டவும் அரைமண்டியில் உட்காரவும் கொஞ்சம் கை முத்திரைகளும் சொல்லித் தரலாம். அதையே நேர்மையாக 'அறிமுக வகுப்பு' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? எடை குறைத்துப் போடுகிறவனை நம் சங்கத்திலேயே ஒருவரும் மதிப்பதில்லை. காகிதத்தில் எடை குறைப்பதும் அதே ரகம்தான். ஜூன் மாதம் 'என் பெண் ஏன் இன்னும் ஆடவில்லை' என்று சண்டைக்கு வரும் தாய், நாலு பேரிடம் சொல்லி அடுத்த ஆண்டு வகுப்பையே காலி செய்துவிடுவார்.

யார் கற்றுத் தருகிறார், அவர் யாரிடம் கற்றவர், எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தாய்மார்கள் உட்கார இடம் உண்டா, இவ்வளவும் நோட்டீசில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2023ல் கலாக்ஷேத்ராவிலேயே மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களைச் சொல்லிப் போராட்டம் நடத்தியதும், அங்கே பணியாற்றிய ஒருவர் கைதானதும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பெரிய பெயர் ஒன்றே போதும் என்று பிள்ளையை விட்டுவிட்டு வருகிற காலம் போய்விட்டது. 'பெற்றோர் உடன் இருக்கலாம்' என்ற ஒரு வரிக்கு நாலு வண்ண அச்சை விட மதிப்பு அதிகம்.

அச்சுச் செலவு என்று பயப்படுகிற டீச்சர்களுக்கு நம் ஸ்டேஷனரி அனுபவத்திலிருந்து ஒரு கணக்கு. டெம்மி தாள் 18க்கு 23 அங்குலம். அதை எட்டாக வெட்டினால் 9க்கு 5¾ அங்குல நோட்டீஸ் கிடைக்கும். கைக்கு அடக்கமான அளவு. ஒரு ரீம் 500 தாள். ஆக ஒரு ரீமில் 4,000 நோட்டீஸ், வெட்டுச் சேதம் கொஞ்சம் கழித்துக் கொள்ளுங்கள். ஒரே வண்ணத்தில், கலர்த் தாளில் அடித்தால் போதும். ஆர்ட் பேப்பரில் பளபளவென்று நாலு வண்ணத்தில் 500 அடிப்பதைவிட இது மேல் என்பது நம் கட்சி. ஆண்டர்சன் தெருவில் தாள் எடுத்து ராயப்பேட்டையிலோ திருவல்லிக்கேணியிலோ தெரிந்த அச்சகத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் முடியும். சிவகாசிக்குக் கொடுத்துவிட்டு லாரி புக்கிங் ஆபீசில் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மூர் அச்சகத்தார்களும் கல்யாணச் சீசனுக்கும் தேர்தலுக்கும் நடுவில் வேலைக்கு ஏங்கிக் கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயரைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கி இருந்தது. அந்தப் பழைய சட்டம் போய் 2024 மார்ச் முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், அந்தப் பொடி எழுத்து வரி இருக்கிற நோட்டீசுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. பார்க்கிற அடுத்த டீச்சருக்கு அதுவே விலாசமும் ஆகிறது.

பேப்பருக்குள் வைத்து வீட்டுக்கு வீடு அனுப்பும் முறை நல்லதுதான். விடியற்காலை நாலரை மணிக்கு ஏஜெண்டுகள் பேப்பர் பிரிக்கும் இடத்துக்கு ஒரு நாள் நேரில் போய் நின்று பார்ப்பவருக்குப் பலன் உண்டு. ராத்திரியே கட்டைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறவருக்குப் பாதிக் கட்டு பழைய பேப்பர்க் கடையில் கிடைக்கும். அது தவிர, வீட்டில் பேப்பர் வாங்குவதையே பலர் நிறுத்திவிட்டார்கள். 1994ல் தொடங்கி வீட்டு வாசல் வரை இலவசமாக வந்த மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளில் இரண்டு வரி விளம்பரம் கொடுத்துப் பிழைத்த வகுப்புகள் எத்தனையோ.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்கிறார்கள். நாமும் மறுக்கவில்லை. 2020ல் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கோடை வகுப்புகள் அத்தனையும் நின்றபோது, போனை முன்னால் வைத்துக் கொண்டு தட்டுக்கழி தட்டிய டீச்சர்களை நாம் அறிவோம். ஆனால் எட்டு வயதுப் பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றி வெயிலில் கூட்டிப் போக வேண்டிய தாய் முதலில் பார்ப்பது தூரத்தைத்தான். கஸ்தூரிபா நகர்க்காரர் அண்ணா நகர் வகுப்புக்குப் போக மாட்டார். மெட்ரோ வேலைக்காக லஸ்ஸையும் பனகல் பார்க்கையும் சுற்றிச் சாலைகளை அடைத்த பிறகு இது இன்னும் அதிகமாயிற்று. நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கடைதான் சரியான இடம். பால் வாங்கவும் பென்சில் வாங்கவும் அவர்கள் அங்கேதானே வருகிறார்கள்?

இன்னொரு சங்கதியைப் பல டீச்சர்களே கவனிப்பதில்லை. நமக்குக் கோடை ஏப்ரல், மே. அமெரிக்காவில் பள்ளி விடுமுறை ஜூனில் தொடங்கி ஆகஸ்டு வரை. அந்த மாதங்களில் அங்கே உள்ள நம் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு வந்து, ஆறு வாரம் தங்கி, தினமும் நாட்டியம் கற்றுக் கொண்டு போகிறார்கள். அடையாறில் பரத கலாஞ்சலியை 1968ல் தொடங்கிய தனஞ்ஜயன் தம்பதியர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்கே போய்க் கோடைகால குருகுலம் நடத்தியவர்கள். அந்தத் தேவை எவ்வளவு என்பதற்கு இதுவே சாட்சி. நம் டீச்சர்கள் மே 31ஆம் தேதியோடு நோட்டீசை மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஜூன் மாதத்துக்கு என்று தனியாக ஓர் ஆயிரம் அடித்து, பாண்டி பஜார் நடைபாதையிலும் மாட வீதிப் பட்டுக் கடைகளிலும் வைத்தால் பேத்தியைக் கூட்டி வரும் பாட்டிமார்கள் கண்ணில் படும். அவர்கள்தான் நம் கடைகளிலும் நல்ல வாடிக்கையாளர்கள்.

இனி போஸ்டர். இதில் நாம் விட்டுக் கொடுப்பதற்கில்லை. தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அழகுக் கேட்டுத் தடுப்புச் சட்டம் 1959லிருந்தே இருக்கிறது. சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொது மக்கள் பார்வையில் படும் சுவரில் விளம்பரம் ஒட்டுவது குற்றம். இதைத் தெரிந்து ஒட்டுகிறவர்களும் இல்லை, தெரிந்து தடுக்கிற கடைக்காரர்களும் குறைவு. மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் தீட்டிப் பார்த்தது. ஓவியம் உள்ள சுவரில் ஒட்டக் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள் என்பதும் உண்மை. பேனர் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை அருகே சாலை நடுவில் வைத்த பேனர் சரிந்து விழுந்து, இருபத்து மூன்று வயதுப் பெண் சுபஸ்ரீ லாரிச் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். நாட்டியப் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்றாலும் நம் கடை முன்னால் நடைபாதையில் கட்டை நட்டு பேனர் கட்ட யாருக்கும் இடம் தரக் கூடாது. கட்டினது நாமில்லை என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

ஒட்டிய போஸ்டரால் பயன் பெறுவது மாடுகள் மட்டும்தான். மைதா ருசிக்காகப் பாதியை அவை கிழித்துத் தின்றுவிடுகின்றன. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிறார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வாயில்லா ஜீவன்களை நினைத்தால் அதற்காகவாவது இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

ஷட்டர் சிக்கிய அந்த ஆண்டு நாம் ஒரு காரியம் செய்தோம். கடை வாசலில் மின்சார மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை ஒன்றை அடித்து, மேலே பச்சைத் துணி ஒட்டினோம். 'இங்கே நோட்டீஸ் குத்தலாம், கடையில் கேட்டுவிட்டு' என்று எழுதி வைத்தோம். ஒரு நோட்டீசுக்கு ஒரு இடம். மூலையில் தேதி எழுத வேண்டும். தேதி முடிந்தால் குத்தியவரே வந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு இடம் இல்லை. காசு கிடையாது. கட்சி நோட்டீஸ், வட்டிக்குப் பணம், 'வீட்டிலிருந்தே மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்' ரகங்களுக்கு இடமில்லை. கவுண்டரில் ஒரு சிறு தட்டில் ஐம்பது பிட் நோட்டீஸ் வைக்கவும் அனுமதித்தோம். கட்டுக் கட்டாகக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பினோம்.

போனில் நம்மிடம் திட்டு வாங்கிய அந்த டீச்சர்தான் முதல் நோட்டீஸ் குத்த வந்தார். ஒரே வண்ணம், ரோஸ் தாள். கட்டணம் போட்டிருந்தார். நாம் சொல்லாமலேயே ஜூன் முதல் தேதி வந்து எடுத்துக் கொண்டும் போனார். போகிறபோது வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று இரண்டு டஜன் நோட்டு வாங்கினார். அதன் பிறகு மொத்தமாக நம்மிடமே வாங்குகிறார். வகுப்பு விட்டு வரும் தாய்மார்களும் நம் கடையில் ஏறி இறங்குகிறார்கள். இது ஒரு கடைக் கணக்கு. எல்லாக் கடைக்கும் இப்படியே நடக்கும் என்று நாம் உத்தரவாதம் தரவில்லை.

மொத்த வியாபாரிகளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உண்மையில் அதிகம் இல்லை. தாள் வியாபாரம் செய்வோர் வெட்டு மீதிக் கலர்த் தாளைச் சின்ன வகுப்புகளுக்குச் சல்லிசாகக் கொடுக்கலாம். அவ்வளவே.

அடுத்த பங்குனிக்கு முன் லஸ் முனையிலிருந்து மாட வீதிகள் வரை பத்துக் கடை, பாண்டி பஜாரில் பத்து, அடையாறு எல்.பி. ரோடிலும் சாஸ்திரி நகரிலும் பத்து என்று பலகை வைக்க முன்வந்தால், போஸ்டர் ஒட்டக் கேட்டு வருகிற டீச்சர்களுக்கு அந்தக் கடைகளின் பட்டியலையே கையில் கொடுத்துவிடலாம். முப்பது பலகைக்கு முப்பது நோட்டீஸ், தட்டுகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒரு ரீமில் பாதி கூட ஆகாது. இடம் தர விரும்பும் உறுப்பினர்கள் தை மாதக் கூட்டத்தில் செயலாளரிடம் கடைப் பெயரைக் கொடுக்கவும். பலகையும் துணியும் அவரவர் பொறுப்பு. குண்டூசிப் பெட்டி நம் கடையிலிருந்து இலவசம்.